பின்னங்கால் பிடிப்பவன்

லண்டனுக்கு வந்த முதல் வருடம் முழுவதும் வலது கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே நடந்தேன். அந்தக் கையில் பெருவிரல் இல்லை. பிளேஸ்டோவில் அக்கா வீட்டிலிருந்து அப்டன் பார்க்கில் அத்தானின் கடைக்குப் போகும் வழியில் தெரிந்தவர்கள் எதிர்ப்பட்டால் கைகொடுக்க வருவார்கள். நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். கும்பிட்டுச் சமாளிக்கலாம் என்றால் அதற்கும் இரண்டு கை வேண்டும். அக்காவின் தம்பிக்குக் கனடாத் திமிர் என்று சனம் பேசிக்கொண்டது. அக்கா மனம் நொந்துபோய் வந்து சொன்னாள். எனக்கோ அந்தப் பேச்சு வசதியாகத்தான் இருந்தது. திமிர் பிடித்தவனிடம் யாரும் கிட்ட வந்து கேள்வி கேட்க மாட்டார்கள்.

கேட்டால் என்ன சொல்வது? கனடாவில் எனக்கொரு தொழில் இருந்தது. அதற்குத் தமிழில் பெயர் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேர் குதிரையில் ஏறி, கூட்டிலிருந்து திறந்துவிடப்படும் ஒரு நாம்பன் மாட்டைத் துரத்திப் பிடிக்கும் போட்டி அது. முதலாமவன் கொம்பில் சுருக்கை எறிந்து, கயிற்றைச் சேணத்தின் முன்னால் இருக்கும் குமிழில் சுற்றி, மாட்டை இடப்பக்கமாக இழுத்துத் திருப்புவான். அப்படித் திரும்பும்போது மாட்டின் பின்னங்கால் இரண்டும் ஒரு கணம் நிலத்தைவிட்டு எழும். இரண்டாமவன் அந்தக் கணம் பார்த்து வயிற்றுக்குக் கீழே சுருக்கை விரித்து வைக்க வேண்டும். கால்கள் தாமாக அதற்குள் வந்து இறங்கும். இரண்டு கயிறும் இறுகி, இரண்டு குதிரைகளும் ஒன்றையொன்று பார்த்து நின்றதும் நடுவர் கொடியை இறக்குவார். பார்ப்பவன் இருமிவிட்டு நிமிர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். மாட்டை உடனே அவிழ்த்துவிடுவார்கள், அதுவும் தன்பாட்டில் போய்விடும்.

நான் பின்னங்கால் பிடிக்கிறவன். கோடை முழுவதும் குதிரைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய், அதிலேதான் சீவித்தேன்.

என் தகப்பன், நாங்கள் ஐயா என்று கூப்பிடுபவர், தென்னங்காணியை விற்று என்னை அனுப்பியது இதற்காக இல்லை. ரொறன்ரோவில் என்னோடு வந்திறங்கியவர்கள் உணவகங்களில் கோப்பை கழுவப் போனார்கள். அல்பேர்ட்டாவில் இறைச்சித் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நான் பஸ் ஏறினேன். அந்த நாற்றம் தாங்க முடியாமல் பக்கத்தில் மாடுகளைக் கொழுக்கவைக்கும் பட்டி ஒன்றுக்கு மாறினேன். அங்கே குதிரையில் திரிந்து, நோய்ப்பட்ட மாட்டைக் கயிறெறிந்து பிடித்து ஊசி போட வேண்டும். என் வயதுடைய ஒரு வெள்ளைக்காரன் என்னோடு வேலை செய்தான். அதிகம் பேசாதவன். வேலை முடிந்ததும் வைக்கோல் கட்டில் செருகிய பிளாஸ்டிக் மாட்டுத் தலைக்கு அவன் கயிறெறிந்துகொண்டிருப்பான். அவனுக்குப் பின்னங்காலுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. எனக்கு அந்த நாட்டில் கதைக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் நாங்கள் சோடியானோம்.

வீட்டுக்கு 'பண்ணையில் வேலை' என்று மட்டும் எழுதினேன். ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்தது. என்னோடு படித்தவர்களின் சாவுச் செய்தி கடிதத்தில் வரும். அதே கிழமை நான் எங்கேயோ ஒரு சிறு பட்டணத்தில், தொப்பியும் பெரிய வெள்ளிக் கொளுக்கி வைத்த பெல்ட்டுமாகப் படத்துக்கு நின்றுகொண்டிருப்பேன். அந்தப் படத்தை ஐயாவுக்கு எப்படி அனுப்புவது? நான் மாட்டோடு விளையாடிச் சாப்பிடுகிறேன் என்று எந்தப் பேனாவால் எழுதுவது?

ஐயா கண்ணை மூடியதற்கு அடுத்த கோடையில் விரல் போயிற்று. கயிற்றைக் குமிழில் சுற்றும்போது பெருவிரலை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் முதலில் சொல்லித்தருகிற பாடம். அன்று மாட்டின் பாரம் முழுவதும் கயிற்றில் வந்து விழுந்தபோது என் விரல் கயிற்றுக்கும் குமிழுக்கும் நடுவே இருந்தது. சோடிக்காரன் குதிரையிலிருந்து குதித்து, மணலில் முழந்தாளிட்டுத் தேடி, விரலை எடுத்து சோடாப் பெட்டியின் ஐஸுக்குள் வைத்துக்கொண்டு என்னோடு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தான். பிய்ந்த விரலைப் பொருத்த முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவன் அடுத்த கோடை வரைக்கும் எனக்காகக் காத்திருந்தான். நான் போய்ப் பார்த்தேன். சுருக்கு விழுந்தாலும் கயிற்றைச் சுற்றிக் கட்ட இந்தக் கையால் ஏலவில்லை. அவன் கொம்பைப் பிடித்துத் தரத் தர நான் விட்டுக்கொண்டே இருந்தேன். வேறு ஆளைப் பார் என்று கடைசியில் நானே சொன்னேன்.

அந்த நேரத்தில்தான் அக்கா லண்டனுக்குக் கூப்பிட்டாள். அத்தான் வேலை அனுமதிக்கு ஓடித்திரிந்து, தன் கடையிலேயே வேலையும் தந்தார். வந்த இரண்டொரு நாளில் அக்காவிடம் என் தொழிலையும் விரல் போனதையும் சொன்னேன். படங்களைக் காட்டினேன். குதிரையில் இருந்த என்னை அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு படங்களைக் கொண்டுபோய் அலமாரி லாச்சிக்குள் தன் சீலைகளுக்கு அடியில் வைத்தாள்.

"இதை ஒருத்தருக்கும் காட்டிப்போடாதை," என்றாள்.

ஐயாவின் திவசம் அந்த வருடம் அக்கா வீட்டில் நடந்தது. ஐயாவுக்கு நான் ஒரே மகன். அதுவரை ஒரு முறைகூட நான் அதைச் செய்ததில்லை. முன்னறையில் சோபாக்களைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு ஐயரை இருத்தியிருந்தார்கள். தெரிந்த குடும்பங்கள் சில வந்திருந்தன. எள்ளை என் உள்ளங்கையில் போட வந்த ஐயர், "தம்பி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையால தண்ணியை விடோணும்," என்றார்.

மடியில் மறைத்து வைத்திருந்த கையை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. ஐயர் அதைப் பார்த்தார். மந்திரம் நின்றது. அறையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். அத்தான் மட்டும் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லை தம்பி, அப்பிடியே விடுங்கோ," என்றார் ஐயர் மெல்லிய குரலில்.

தண்ணீர் தட்டில் விழவில்லை. மணிக்கட்டு வழியாக வழிந்து சட்டைக் கைக்குள் போயிற்று. ஐயாவுக்கு நான் கொடுத்த தண்ணீர் என் முழங்கையில் சொட்டிக்கொண்டிருந்தது.

சாப்பாடு பரிமாறும்போது ஒரு மாமி கேட்டார், "தம்பி கனடாவில என்ன செய்தவர்?"

நான் வாயைத் திறக்க முதலே அக்கா முந்திக்கொண்டாள். "மாட்டு டொக்டர் மாமி. மாடு உதைச்சுத்தான் விரல் போனது."

நான் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அம்மாவிடம் காட்டிக்கொடுத்துவிடாதே என்று கெஞ்சும்போது பார்க்கிற அதே பார்வை. நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன்.

டொக்டர் என்ற ஒரு சொல் எவ்வளவு தூரம் நடக்கும் என்று அக்காவும் நினைத்திருக்க மாட்டாள். சில மாதங்களில் தென் லண்டனில் தோர்ண்டன் ஹீத்தில் இருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்தது. பொம்பிளை கவுன்சிலில் கணக்குப் பிரிவில் வேலை. தகப்பன் ஊரில் தபால் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு வேண்டாம் என்றேன். அக்கா விடவில்லை.

"டொக்டர் எண்டு சொன்னதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல்ல ஆக்களை ஆக்களுக்குப் பிடிக்கட்டும்," என்றாள்.

ஒரு ஞாயிறு பின்னேரம் அத்தான் கடைச் சாமான் ஏற்றும் வானில் போனோம். வானுக்குள் கருவாடு மணத்தது. அக்கா பட்டுச்சீலையின் தலைப்பை மூக்கில் பிடித்துக்கொண்டு வந்தாள். தேம்ஸைக் கடக்கும்போது, இப்போதே இறங்கி ரயிலைப் பிடித்துத் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். நினைத்தபடியே இருந்துவிட்டேன்.

அவர்கள் வீட்டில் ரோல்ஸும் வடையும் தேத்தண்ணியும் வந்தன. நான் இடது கையால் குடித்தேன். தகப்பன் நல்ல மனிதர். என்னை மிகுந்த மரியாதையோடு நடத்தினார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"இஞ்சயும் பதிஞ்சுபோட்டு டொக்டராகவே வேலை செய்யலாமே தம்பி?"

"அதுக்குச் சோதினை இருக்கு மாமா. படிக்கிறார்," என்றாள் அக்கா.

நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாய்தான் என்னைக் காப்பாற்றினார். "பிள்ளையள் ரெண்டுபேரும் வெளியில நிண்டு கொஞ்சம் கதைக்கட்டும்," என்று கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டார்.

பின்பக்கம் சிறிய தோட்டம். வெயில் அடித்தது. புல்லில் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள் கிடந்தன. நாங்கள் உட்காரவில்லை. அவள் வேலியோரம் போய் நின்று, வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டாள்.

"நீங்கள் டொக்டர் இல்லைத்தானே?"

என் காது இரண்டும் சுட்டன. "ஆர் சொன்னது?"

"வேலை செய்யிற இடத்தில உங்கட பேரைக் கொம்பியூட்டரில அடிச்சுப் பார்த்தனான். ஒரு படம் வந்தது. தொப்பி போட்டுக்கொண்டு குதிரையில இருக்கிறியள். முதல்ல வேற ஆர் ஆளோ எண்டு நினைச்சன். ஆனா இந்தப் பேர் அங்கை வேற ஆருக்கு இருக்கும்?"

"வீட்டில சொல்லிட்டியளா?"

"இல்லை. நீங்களே சொல்லுவியள் எண்டு பார்த்துக்கொண்டு இருந்தனான்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் சாதாரணமாகச் சொன்னாள், பஸ் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதுபோல.

"சரி, விடுங்கோ. உது என்ன விளையாட்டு? அதில எழுதியிருந்ததை எல்லாம் வாசிச்சன், ஒண்டும் விளங்கேல்லை."

லண்டனுக்கு வந்த பிறகு என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. நான் சொல்லத் தொடங்கினேன். கொம்பு பிடிப்பவன், கால் பிடிப்பவன், மாடு திரும்புவது எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. உடுப்புக் காயப்போடும் கயிற்றில் மிஞ்சிய ஒரு சுருள் வேலியில் தொங்கியது. அதை எடுத்து ஒரு சுருக்குப் போட்டேன்.

"இந்தக் கதிரைதான் மாடு. நீங்கள் கையில பிடிச்சு இழுங்கோ. நீங்கள்தான் என்ர சோடி, ஏற்கெனவே கொம்பில பிடிச்சிட்டியள் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ."

அவள் சிரித்துக்கொண்டு, சீலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி கதிரையை இழுத்தாள். நான் கயிற்றைத் தலைக்கு மேலே சுழற்றினேன். நாலு விரலும் கயிற்றின் பாரத்தை உடனே கண்டுபிடித்துக்கொண்டன. முதல் எறி தவறியது. "திரும்ப, திரும்ப," என்று அவள் கதிரையை மறுபக்கம் இழுத்தாள். இரண்டாவது எறியில் கதிரையின் பின்கால் இரண்டும் சுருக்குக்குள் வந்தன. நான் இழுத்ததும் கதிரை மல்லாந்தது. அவள் "ஐயோ!" என்று கத்திவிட்டுக் கைகொட்டினாள். நானும் சிரித்திருக்க வேண்டும்.

திரும்பிப் பார்த்தபோது கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நாலு பேரும் நின்றார்கள். தகப்பன், தாய், அக்கா. அத்தானின் கையில் பாதி கடித்த ரோல்ஸ்.

தகப்பன் கதவைத் திறந்தார். "என்ன தம்பி உது?"

கயிறு என் கையில் இருந்தது. ஒளிக்க இடமில்லை.

"மாமா, நான் டொக்டர் இல்லை. கனடாவில மாடு பிடிக்கிற போட்டியில ஓடினனான். அதுதான் என்ர தொழில். விரலும் அதிலதான் போனது."

"அப்ப டொக்டர் எண்டு சொன்னது?"

அக்காவைப் பார்த்தேன். நெற்றிப் பொட்டைச் சுற்றி வியர்த்திருந்தது. இந்த ஊரில் அவளுக்கு இருந்ததெல்லாம் அவள் பெயர்தான். ஆஸ்பத்திரியில் ஷிப்ட் முறையில் துப்புரவு வேலை செய்து, பிள்ளைகளைப் படிப்பித்து, கோயிலில் நாலு பேர் மதிக்கிற மாதிரி அவள் சேர்த்த பெயர்.

"அக்காவுக்கும் நான் பொய்தான் சொல்லி வைச்சனான். அவவுக்கு ஒண்டும் தெரியாது."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். இல்லை என்று சொல்லவில்லை. தாய் அவளுடைய தோளைத் தொட்டு, "பாவம், கூடப்பிறந்த சகோதரத்தையே ஏமாத்தி..." என்றார். பொம்பிளை மட்டும் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு விளங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

தகப்பன் ஏசவில்லை. "போயிட்டு வாங்கோ தம்பி," என்று மட்டும் சொன்னார். பிறகு புல்லில் குனிந்து, விழுந்து கிடந்த கதிரையை நிமிர்த்தி, அதன் காலில் இருந்த சுருக்கைக் கழற்ற முயன்றார். முடிச்சு இறுகியிருந்தது. நான் உதவப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். அந்த முதிய மனிதர் குனிந்து என் முடிச்சை அவிழ்ப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கதை எங்களுக்கு முன்னமே கடை இருக்கும் கிரீன் ஸ்ட்ரீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. 'மாட்டு டொக்டர்' என்று பெயர் வைத்தார்கள். வெண்டைக்காய் நிறுக்கும்போது முகத்துக்கு நேரே, "தம்பி, உங்கட கடையில கயிறு இருக்கோ?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அத்தான் என்னைக் கடையின் பின்னறையில் பெட்டி உடைக்கும் வேலைக்கு மாற்றினார். "சனம் மறந்திடும்," என்றார். தன் கடைக்கு வருகிற சனத்தைப் பார்க்க அவரும் கூச்சப்பட்டதை நான் கண்டேன்.

அக்கா என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டாள். கோபம் என்று முதலில் நினைத்தேன். ஒரு நாள் காலை, ஷிப்ட் முடிந்து வந்து குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள், திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"ஐயா மோசம்போன அண்டைக்கு உன்ர நம்பருக்கு நான் எத்தினை தரம் அடிச்சனான். ஆரோ வெள்ளைக்காரன்தான் எடுத்தவன். நீ எங்க நிண்டனீ?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இத்தனை வருடம் பயந்துகொண்டிருந்தேன்.

"குதிரையில," என்றேன்.

சொன்னேன். அன்று பெரிய போட்டியின் கடைசிச் சுற்று. நான் மைதானத்துக்கு வெளியே குதிரையை நடத்திச் சூடேற்றிக்கொண்டிருந்தேன். தொலைபேசி சோடிக்காரனின் வண்டிக்குள் இருந்தது. அவன்தான் எடுத்தான். என்னிடம் வந்து ஒன்றும் சொல்லாமல் தன் குதிரையில் ஏறினான். நாங்கள் ஓடினோம். அவன் கொம்பைப் பிடித்து மாட்டைத் திருப்பியபோது, அதுவரை நான் எறிந்ததிலேயே நல்ல எறி என் கையிலிருந்து போனது. வென்றோம். பரிசாக வெள்ளிக் கொளுக்கியைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அதற்குப் பிறகு வண்டியடியில் வைத்து, உன் அப்பா இறந்துவிட்டார் என்றான். முன்னமே சொன்னால் நீ ஓட மாட்டாய் என்று நினைத்தேன், என்றான்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "நீ அவனை ஒண்டும் சொல்லேல்லையே?"

"இல்லை அக்கா. எனக்குக் கோவமே வரேல்லை. அதுதான்... அவன் முதலே சொல்லியிருந்தாலும் நான் ஓடியிருப்பன் போல கிடக்கு."

அவள் அழவில்லை. வெங்காயத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு, "ஊருக்கு அடிக்கேக்க அம்மாவுக்கு இதைச் சொல்லிப்போடாதை," என்றாள். கத்தியைத் திரும்ப எடுத்தபடி, "தோர்ண்டன் ஹீத்தில நான் வாயைத் திறந்திருக்கோணும்," என்றாள். அடுப்பில் உலை கொதித்தது. அவள் அரிசியைக் கழுவப் போனாள்.

அந்த வருடக் கடைசியில் கிழக்கு லண்டனில் ஒரு குதிரை லாயத்தில் வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். சாணி அள்ளுவது, வைக்கோல் போடுவது. அதை நடத்திய வெள்ளைக்காரப் பெண்மணிக்கு அறுபது வயதிருக்கும். கைகொடுத்தார். நானும் கொடுத்தேன். கையை விடாமல், பெருவிரல் இருந்த இடத்தைப் பார்த்தார்.

"கயிறா?" என்று கேட்டார். இளவயதில் கனடாவின் மேற்கில் சில காலம் குதிரைகளோடு இருந்தவராம். "எது நீ? தலையா, காலா?"

"கால்," என்றேன். அவர் சாணி அள்ளும் சவள் இருக்கும் இடத்தைக் காட்டினார்.

வேலையில் சேர்ந்த கிழமை, தொலைபேசி அட்டை ஒன்று வாங்கிக்கொண்டு வீதியோரத் தொலைபேசிக் கூண்டுக்குள் போய், சோடிக்காரனுக்கு அடித்தேன். கனடாவை விட்டு வந்தபிறகு அவனோடு கதைத்ததே இல்லை. என் குரல் கேட்டதும் சத்தம் போட்டுச் சிரித்தான். குதிரைகளைப் பற்றிக் கேட்டேன். அவனிடம் விட்டுவந்த என்னுடைய குதிரையை விற்றுவிட்டானாம், நல்ல இடத்துக்குத்தானாம். பின்னங்காலுக்குப் புதிய ஆள் சேர்ந்திருக்கிறானாம், கெட்டிக்காரனாம். நான் சாணி அள்ளுகிறேன் என்றேன். அதற்கும் சிரித்தான்.

பிறகு அவனே கதையை மாற்றினான். "உன் அப்பா விசயம்," என்று தொடங்கினான். "அன்றைக்கு நான் செய்தது... அதை நான் இவ்வளவு காலமாக..."

அதிகம் பேசாதவன், சொல் தேடிக்கொண்டிருந்தான். அவன் மன்னிப்புக் கேட்டுவிட்டால் நான் அவனுக்கு என்ன சொல்வது? முதலே தெரிந்திருந்தாலும் ஓடியிருப்பேன் என்று அக்காவிடம் சொன்னதை அவனிடமும் சொல்ல வேண்டி வருமே.

"கார்ட் முடியப்போகுது," என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டேன்.

அட்டையில் இன்னும் நிறைய நேரம் இருந்தது.